விடத் தெரியாத கை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு,
ஜூலை இருபத்தொன்பது, இரவு பத்து மணிக்கு
ஒகினாவா முழுக்க வண்டிகளை நிறுத்திவிட்டார்கள்.
வலப்பக்கம் ஓடியதெல்லாம்
காலை ஆறு மணி முதல்
இடப்பக்கம் ஓட வேண்டும்.
அமெரிக்கர்கள் கொண்டுவந்து வைத்த பக்கம் அது;
ஜப்பான் கேட்பது இன்னொரு பக்கம்.
நாஹாவில் எங்களிடம் வந்து
உங்களுக்கு எது சௌகரியம் என்று
யாரும் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் அசாத்தோ சேய்தொகு
பேருந்து ஓட்டுகிறவர்.
காலியான ஓடுதளத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு
பதினொரு நாள் பயிற்சி கொடுத்தார்கள்.
புத்தம்புது வண்டி. கதவு இடப்பக்கம்.
கியர்த் தண்டு இடக்கையில்.
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்
எந்தத் திருப்பத்தில் எந்த விளக்கு என்று.
இடக்கைக்குத்தான் தெரியவில்லை.

அந்தக் கையை நான் அறிவேன்.
பதினேழு வருடம் அதன் பக்கத்தில் படுத்தவள்.
உறங்கும்போதும் மூடியே இருக்கும்.
ஸ்டீயரிங்கைப் பிடித்தால் பிடித்ததுதான்.
சோற்றுக்கை போய் கியர் மாற்றி, சில்லறை எண்ணி,
வியர்வை துடைத்துத் திரும்பி வரும்.
இது அங்கேயே கிடக்கும்,
காவலுக்குக் கட்டிப்போட்ட நாய் மாதிரி.
மகள் பிறந்த அன்று
பிஞ்சுக் காலை அதில் பிடித்தார்;
நர்ஸ் வந்து விரல் விரலாகப் பிரித்தாள்.

ஒரே ஒரு முறை சொன்னார், மீன் ஆய்ந்துகொண்டே,
வேறு யாருடைய கதையோ போல:
பத்து வயதில், எல்லோரும் தெற்கே ஓடிய மழைக்காலத்தில்,
தங்கையின் கை இந்தக் கைக்குள் இருந்தது.
பிறகு இல்லை.
அவ்வளவுதான். மீனைக் கழுவினார்.

குண்டு விழுந்தது, சின்னப் பையன் என்ன செய்வான் என்று
அறிவு எப்போதோ சமாதானம் ஆகியிருக்கும்.
கைக்கு யார் போய்ச் சொல்வது?
அது படித்தது ஒரே ஒரு வரி:
விட்டால் போய்விடும்.
அந்த ஒரு வரியை வைத்தே
முப்பத்து மூன்று வருடம்
அவரைக் கேட்காமல் அவரை ஓட்டியிருக்கிறது.

அன்று இரவு அடுக்களையில்
நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.
சக்கரத்துக்கு ஒரு வாணலி மூடி.
கியருக்கு என் தோஃபு துடுப்பு;
முழங்கால்களுக்கு நடுவே நட்டுப் பிடித்தேன்.
"இரண்டாவது," என்றேன்.
தலை ஆடியது. கை ஆடவில்லை.
"இரண்டாவது."
இடக்கு பண்ணுகிற மாட்டை அடிப்பதுபோல
வலக்கையால் ஓங்கி ஒன்று வைத்தார்.
புறங்கை சிவந்தது. பிடி இறுகியது.

"அடிக்காதீங்க.
அது ஒரு தப்பும் செய்யல.
சொன்ன வேலையத்தான் இன்னும் செஞ்சிக்கிட்டிருக்கு."

பிறகு என்ன தோன்றியதோ,
துடுப்பைக் கீழே வைத்துவிட்டு என் கையை நீட்டினேன்.
சோயா ஊறி வெடித்த கை.
வெகுநேரம் கழித்து
மூடியை விட்டு என்னைப் பிடித்தார்.
உருவிக்கொண்டேன்.
போகவில்லை, இங்கேதான் இருக்கிறேன் என்று
மறுபடி நீட்டினேன்.
பிடி. விடு. பிடி.
நூறு தடவையோ இருநூறோ.
மகள் எழுந்து வந்து பார்த்துவிட்டு
இரண்டு பேருக்கும் பைத்தியம் என்று போய்ப் படுத்தாள்.
நான்கு மணிக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு
கிளம்பிவிட்டார்.

ஆறு மணிக்குச் சங்கு ஊதியது.
அன்று காலை, இருபது வருடம் ஏறிய நிறுத்தத்தில்
போய் நின்றேன்.
பேருந்து எதிர்ப்புறம் வந்து போனது.
என் கால்களையும் யாரோ
ஓட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

முதல் வாரம் ஒரு தூணை உரசினார்.
அடுத்த வாரம் கதவைத் திறக்கப் போய்
வெயிலில் வைப்பரைப் போட்டார்.
கனவில் மட்டும் பழைய பக்கமே ஓட்டினார்;
என் கணுக்காலில் பிரேக் மிதித்தார்.

அக்டோபரில் ஒரு மாலை
தேநீர்க் கோப்பை இடக்கையில் இருந்தது.
என்றைக்கு அங்கே போனது என்று
அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
நான் பார்ப்பதைப் பார்த்தார்.
கையைப் பார்த்தார்.
உடனே தேநீர் பாயெல்லாம் கொட்டியது.

துடைத்தேன்.
"இனிமே பாக்காத," என்றார்.
சரி என்றேன்.
பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்,
அதற்குத் தெரியாமல்.